சிவப்பு முகமூடியும் எங்கள் வாசற்கதவும்

நம் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு காணொளி வந்ததே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரென்று தெரியவில்லை. ஒரு மனிதனை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிடிக்க வந்தவனாம். சுற்றி நிற்பவர்கள் கையில் கம்பு. அதற்குக் கீழே நம்மில் ஒருவர், யாரென்று சொல்ல வேண்டாம், பேரன் பேத்தி எடுத்தவர், முகமூடியும் அங்கியும் போட்ட ஒரு சூப்பர் ஹீரோ பொம்மையை ஒட்டி, 'இப்படிப்பட்ட வீரர்கள்தான் இந்தக் காலத்துக்குத் தேவை' என்று எழுதியிருந்தார். ஏகப்பட்ட பேர் கைதட்டியிருந்தீர்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. குழுவிலேயே சண்டை போடலாமா என்று பார்த்தேன். இந்த வயதில் சண்டை போட்டால் பி.பி. ஏறுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் சூப்பர் ஹீரோ பைத்தியமாக இருந்தவள்தான். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்த காலம். அப்பா வங்கியில் ஆபீசர். கல்கத்தாவில், டாலிகஞ்சில், சினிமா ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்தில் எங்கள் வீடு. கீழ்த்தளம். கதவைத் திறந்தால் நேராகச் சந்துதான். சென்னையிலிருந்து மாமா அனுப்பும் பார்சலில் வடாம், அப்பளத்துக்கு நடுவே அண்ணாவுக்குக் காமிக்ஸ் புத்தகங்கள் வரும். அவற்றில் ஒரு கதாநாயகன். கண்ணை மட்டும் விட்டு முகம் பூராவும் சிவப்பு முகமூடி, தோளிலிருந்து கணுக்கால் வரை அங்கி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடி விளிம்பில் நின்று, "பயம் என்பது என்ன என்றே எனக்குத் தெரியாது!" என்பான். அந்தப் பக்கங்களில் அப்பள வாசனையும் மிளகு வாசனையும் இருக்கும். இப்போதும் எங்காவது அப்பளக் கட்டைப் பிரித்தால் எனக்கு மாடி விளிம்பு ஞாபகம் வருகிறது.

அந்தக் குளிர்காலத்தை நம்மில் கல்கத்தாவில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தினம் சாயங்காலம் லோட்ஷெடிங். வீடுகளில் அந்திப் பூஜைக்குச் சங்கு ஊதும் நேரம் பார்த்து விளக்கு போகும். சங்குச் சத்தம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்ச் சந்தின் கோடியில் நிற்கும், அதோடு இருட்டும் வந்து நின்றுவிடும். நிலக்கரி அடுப்புகளைப் பற்றவைக்கும் புகை மேலே போக வழியில்லாமல் முட்டி உயரத்தில் தேங்கிக் கிடக்கும். அந்தப் புகையில் யாராவது நடந்து வந்தால் முதலில் இடுப்புக்கு மேலேதான் தெரியும், காலே இருக்காது. நான் பல தடவை பயந்து அலறியிருக்கிறேன், அது பால்காரராக இருக்கும்.

அந்த வருஷம் புகையோடு ஒரு பேச்சும் கிளம்பியது. சேலேதொரா. பிள்ளை பிடிக்கிறவன். அந்தப் பக்கத்துச் சந்தில் ஒரு பையனைக் காணோமாம், இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைச் சாக்கில் போட்டார்களாம். யாருடைய பையன், எந்தப் பெண் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். சந்தின் முனையில் விளையாட்டு நின்றது. தெருப் பையன்களின் கிளப்புக்கு முன்னால் இருந்த ஊஞ்சல் காற்றில் தானாக ஆடிக் கிறீச்சிடும். அப்பா வாசற்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வைத்தார். வைத்துவிட்டு அண்ணாவைப் பார்த்து, "நான் வர வரைக்கும் நீதான்டா ஆத்துக்கு ஆம்பளை," என்றார். அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயது. அன்று சாயங்காலமே ஆண்பிள்ளை கட்டிலுக்கு அடியில் டார்ச்சும் காமிக்ஸுமாகக் குடியேறிவிட்டான்.

எதிர்வீட்டு மாஷிமா போதாத குறைக்கு எனக்கு நிஷி என்கிற பேயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். பெரியம்மா முறை வைத்து நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே, என்றாள். நிஷி தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும். கதவைத் திறந்து போனால் போனதுதான். ஆனால் அதற்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடத் தெரியாது. மூன்றாவது தடவையும் குரல் வந்தால்தான் அது மனுஷன். முன்பெல்லாம் நடுராத்திரியில்தான் வருமாம், லோட்ஷெடிங் வந்த பிறகு அதற்கு நேரம் காலமே இல்லாமல் போய்விட்டதாம். சந்தில் எல்லா வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குக் காத்திருப்பார்கள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "நம்மூர்ப் பேய் போறாதுன்னு இதுங்க வேறயா?" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள்தான் அவளும்.

இந்த நிலையில்தான் மாடியில் அந்த உருவத்தைப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கார் ஷெட், மேலே மொட்டைமாடி. லோட்ஷெடிங்கில் சமையலறை ஜன்னல் வழியாக அண்ணாதான் முதலில் பார்த்தான். மாடி விளிம்பில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் கை. அங்கி. அசையவே இல்லை. புகை அவனுடைய கால்களைத் தின்றிருந்தது. தூரத்தில் ஏதோ லாரி திரும்பி அதன் வெளிச்சம் ஒரு நொடி மாடியைத் தொட்டது. முகம் சிவப்பாக இருந்தது, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"வந்துட்டார்டி," என்றான் அண்ணா. அவன் குரல் நடுங்கியதைச் சந்தோஷமென்று நினைத்தேன். எங்களைக் காப்பாற்ற அப்பளப் பார்சலிலிருந்து அவனே எழுந்து வந்துவிட்டான் என்று நாங்கள் நம்பினோம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதே உருவத்தைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்த மாஷிமா மயங்கி விழுந்தாள் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

உங்களைச் சுற்றவிடாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது அந்தக் கார் ஷெட்டில் தனியாகக் குடியிருந்த ஸ்டூடியோ காகு. வங்காளத்தில் காகு என்றால் சித்தப்பா. ஆறடி உயரம், அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், பேசினால் மட்டும் கம்மலான குரல். குழந்தைகளுக்கான ஒரு படத்தில் முகமூடி வீரனுக்குப் பதிலாகக் குதிக்கும் வேலை அவருக்கு. முகத்தைக் காட்டுவது வேறொருவர், சுவரேறுவதும் மாடியிலிருந்து விழுவதும் இவர். கண் ஓட்டை வழியாகப் பார்த்துப் பழக வேண்டுமென்று வீட்டிலும் முகமூடியோடு ஒத்திகை பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லா வீரர்களுக்கும் ஒரே தையற்காரர் போலிருக்கிறது, எங்கள் காமிக்ஸ்காரனின் உடுப்பையே இவருக்கும் தைத்திருந்தார்கள். எனக்கு அவரைப் பகலில் தெரியும். பள்ளியிலிருந்து வரும்போது குழாயடியில் நின்று என் பெயரைச் சொல்லி ராகமாகக் கூப்பிடுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது. "சினிமாக்காரனோட என்னடி பேச்சு?" என்பாள். தெருவில் வேறு யாருமே அவரோடு பேசிப் பார்த்ததில்லை.

தெருவுக்கு வேறொரு வீரன் இருந்தான். கிளப் தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்தான், ரௌடி இல்லை. கிளப்பில் தண்டால் எடுக்கிறவன். பூஜைப் பந்தலில் மூங்கில் சுமப்பதிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வரை எல்லாம் அவன்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் பையன்களைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலக் காவல் போட்டான். எல்லோர் கையிலும் இரும்புக் கம்பி. நடந்து போகும்போது கம்பியைச் சுவரில் உரசிக்கொண்டே போவார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள். இருட்டில் அந்த உரசல் சத்தத்தைக் கேட்டுக் குழந்தைகள் நாங்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வோம்.

நடந்ததைப் பின்னால் பலர் வாயால் கேட்டு ஒட்டவைத்ததைத்தான் சொல்கிறேன். அன்று ஸ்டூடியோவிலும் விளக்கு போய்விட்டது. ஒப்பனை அறையைப் பூட்டிக்கொண்டு சாவிக்காரர் போய்விட்டார். காகுவின் சட்டையும், சட்டைப் பையில் அவருடைய ஷெட் சாவியும் உள்ளே. குதிக்கும்போது நழுவக்கூடாதென்று முகமூடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அது வரவில்லை. மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். பெரிய சாலை ஓரத்தில், டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டு நின்றது. எங்கள் சந்தில் இஸ்திரி போடுகிறவரின் பெண். விளக்கு போனதும் அம்மாவைத் தேடி வெளியே வந்துவிட்டது. காகு அதைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பினார். தூக்கும்போது சால்வை நழுவியது. குழந்தை முகமூடியைப் பார்த்து வீறிட்டது. யாரோ டார்ச் அடித்தார்கள்.

இருட்டில் முகமில்லாத ஒருவன், கையில் அலறும் குழந்தை. சேலேதொரா! பிள்ளை பிடிக்கிறவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதற்கு முட்டுச்சந்துக்குள் வருகிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. எத்தனையோ நாளாக வராதா, வராதா என்று கம்பியும் கையுமாகக் காத்திருந்த நேரமல்லவா அது? அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்த நிமிஷம் தன்னைத்தான் வீரனென்று நினைத்திருப்பார்கள். நீங்கள் ஒட்டிய பொம்மை அவர்களுக்கும் பொருந்தும்.

காகு குழந்தையை இறக்கிவிட்டு ஓடினார். சந்தில் ஓட எங்கே இடம்? ஷெட்டில் பூட்டு. எங்கள் வீட்டுக்குள் நானும் அம்மாவும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், அண்ணா கட்டிலுக்கு அடியில். வெளியே ஒரு குரல் எதிர்வீட்டில், "மாஷிமா!" என்றது. மறுபடி, "மாஷிமா!" பிறகு ஓடும் காலடி. அடுத்த வீட்டில் இரண்டு தடவை. அதற்கடுத்த வீட்டில் இரண்டு தடவை. எந்தத் தாழ்ப்பாளும் அசையவில்லை. எல்லா வீட்டிலும் ஆட்கள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்றாவது குரலுக்குக் காத்திருக்கிறார்கள். துரத்தப்படுகிறவனுக்கு ஒரே வாசலில் மூன்றாவது தடவை கூப்பிட ஏது நேரம்? எனக்கு அது அப்போது புரியவில்லை. நிஷி வீடு வீடாக வருகிறது, அடுத்தது நாம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசலில் என் பெயர் கேட்டது. ஒரே ஒரு தடவை. கம்மிய குரல், யாருடையது என்றே சொல்ல முடியாத குரல். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து, "வேண்டாம்மா, இன்னும் ரெண்டு தடவை ஆகட்டும்," என்றேன். அம்மா அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இரண்டு தாழ்ப்பாளும் திறக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகும் அவள் கையில் ஆடிய விளக்கும்தான். அவள் தலைக்கு மேலே சிவப்பு முகம், வாயில்லாமல்.

சிறிது நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அந்த உருவம் உள்ளே இருந்தது. அம்மா அதை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள், அடுக்களைக்குள். குளிக்காமல் அப்பாவே நுழைய முடியாத அடுக்களை. மடித்துணிக் கொடிக்குக் கீழே, சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் அது சுருண்டு உட்கார்ந்தது. முகத்தைப் பிய்த்தெடுக்கப் பார்த்தது, முகம் வரவில்லை. என்னைப் பார்த்தது. முகமூடி ஓட்டைகளுக்குள் இருந்த கண்களில் இருந்த பயத்தைப் போல் அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. பயமென்றால் என்னவென்றே தெரியாதவன் என்று நான் நம்பிய முகம் அது.

கம்பி உரசும் சத்தம் வந்து எங்கள் வாசலில் நின்றது. அம்மா திரும்பிப்போய்த் திறந்த கதவுக்கு நடுவில் நின்றுகொண்டாள். வெளியே டார்ச்சுகளும் மூச்சும். முன்னால் தாதா. "பௌதி, இந்தப் பக்கம் வந்தான். உங்கள் வீட்டுக்குள்தான் வந்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்க வேண்டும்," என்றான். அண்ணியென்று மரியாதையாகத்தான் சொன்னான்.

எட்டு வருஷம் கல்கத்தாவில் இருந்தும் அம்மாவுக்கு வந்த வங்காளம் காய்கறிப் பெயர்களும் ஒரே ஒரு வாக்கியமும்தான். கொத்தனார், கரண்டுக்காரர், யார் வாசலில் கால் வைத்தாலும் அவள் சொல்கிற வாக்கியம். அதைத்தான் அன்றும் சொன்னாள்.

"ஜுதோ கோலோ."

செருப்பைக் கழற்று. அத்தனை பேரும் விழித்தார்கள். "ஜுதோ கோலோ," என்றாள் மறுபடி, சுவாமி படம் இருக்கிற வீடு என்பதுபோல் உள்ளே கையைக் காட்டி. குளிருக்குக் கான்வாஸ் ஷூ போட்டு வந்தவர்கள் அதிகம். முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், குனிய வேண்டுமென்றால் கம்பியைக் கீழே வைக்க வேண்டும். ஒருவன் வைத்தான், கம்பி கல்லில் உருண்டு எங்கோ போயிற்று. அவன் இருட்டில் அதைத் தேட ஆரம்பித்தான். இன்னொருவன் ஒற்றைக் காலில் தள்ளாடிப் பக்கத்திலிருந்தவனைப் பிடித்துக்கொண்டான். அத்தனை கோபமும் ஷூ கழற்றுகிற வேலையில் வந்து சிக்கிக்கொண்டது. கடைசியில் தாதா மட்டும் வெறுங்காலோடு உள்ளே வந்தான்.

தரை அன்று பனிக்கட்டி. அவன் பாதத்தை மாற்றி மாற்றி வைத்தான். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தான், அண்ணா, "நான் இல்லை," என்றான் தமிழில். பிறகு அடுக்களை வாசல். அம்மா தடுக்கவில்லை. அவள் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. தாதா வாசற்படியைத் தாண்டாமல் உள்ளே வெளிச்சம் போட்டான். வெளிச்சம் சுவாமி படங்களில் போயிற்று, கொடியில் போயிற்று, கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அங்கே ஆறடி மனிதர் ஒருவர் அழுதுகொண்டு, "நான்தான், நான்தான்," என்று வங்காளத்தில் முனகிக்கொண்டிருந்தார்.

தாதா டார்ச்சை அணைத்தான். அந்த இருட்டில் அவன் மூச்சு விடுவது கேட்டது. திரும்பிப் போய் வாசலில் நின்று, "யாரும் இல்லை," என்றான். பின்னால் இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, முணுமுணுத்தார்கள். "நான் பார்த்தேன். யாரும் இல்லை," என்றான் அதட்டலாக. போகும்போது ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா வந்ததும் விழுந்தது அம்மாவுக்குத்தான் திட்டு. "உனக்குப் புத்தி இருக்கா? குழந்தைகளை வெச்சுண்டு எவனோ ஒருத்தனை உள்ளே விடுவியா?" அம்மா தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகமூடியை ஊறவைத்து எடுத்தாள். தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்தது குழாயடியில் என்னை ராகமாகக் கூப்பிடுகிற முகம், ஆனால் அதைவிடச் சிவப்பாக. காகு அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டார். படம் வந்ததாகவும் தெரியவில்லை. அதற்கப்புறம் பார்சலில் வந்த காமிக்ஸை நான் தொடவில்லை. அந்த முகமூடிக்காரன் எதற்குப் பயப்பட வேண்டும்? கடைசிப் பக்கத்தை அவனுக்காக யாரோ முன்பே வரைந்து வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

இப்படித்தான் இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா இப்போது என்னோடு கல்கத்தா சால்ட் லேக்கில் இருக்கிறாள். சென்ற மாதம் பக்கத்து ஃப்ளாட் பெண்ணிடம், "எங்கம்மாதான் எனக்கு சூப்பர் ஹீரோ," என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அம்மா மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போனதும் நிமிர்ந்தாள்.

"போதும் நிறுத்துடி. நீ என் முதுகைத்தானே பாத்தே?"

"ஏன், திறந்தது நீதானே?"

"உங்கப்பான்னு நினைச்சுண்டு திறந்தேன். அவர்தானே உன் பேரைச் சொல்லிண்டு வருவார். திறந்தா இப்படி ஒண்ணு நிக்கறது. பகீர்னுது. கதவைச் சாத்தினேன்."

"சாத்தினியா?"

"முக்கால்வாசி சாத்திட்டேன். அவன் எவ்ளோ பெரிய ஆள்! ஒரு தள்ளு தள்ளினா நான் எம்மாத்திரம்? பின்னாடி கொல்ல வரான்னு அவனுக்குத் தெரியும். தள்ளல. கதவைத் தொடக்கூட இல்ல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிண்டு ஓர் அடி தள்ளிப் போய் நின்னுட்டான். உள்ளே நீ நிக்கறதைப் பாத்துட்டான், நீ பயந்துடப் போறியேன்னுதான். அதுக்கப்பறம் எப்படிச் சாத்தறது?"

அம்மா ஒரு பட்டாணியை எடுத்து நகத்தால் கீறினாள்.

"அவன் மட்டும் கையை வெச்சுத் தள்ளியிருந்தா, நானும்தான் சேலேதொரான்னு கத்தியிருப்பேன்."

அந்த மனிதரின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் சந்தில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.